எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம்

1

இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது. எங்கள் கிராமத்து ஓட்டக் கழகம் ஒவ்வொரு தை மாதமும் மலைக்காட்டு வழியாக நடத்தும் நீண்ட ஓட்டத்துக்கான அழைப்பு. சாதாரண மரதன் ஓட்டத்தையே சின்ன விஷயமாக்கிவிடும் தூரம். உறைபனிக்குள் விடியலில் தொடங்கி, பின்னேரம் இருட்டுவதற்குள் முடித்தால் கெட்டித்தனம்.

என் மனைவி சறோ அதைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்தாள். மேலே இருந்த பனிமரப் படத்தைக் கண்டதுமே என்னவென்று விளங்கிவிட்டது. நேரே குப்பைவாளிப் பக்கம் நடந்தாள். எங்கள் மகள் வதனி குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டாள். சிறுவர்களுக்கும் ஒரு கிலோமீற்றர் ஓட்டம் இருக்கிறதென்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, நானும் ஓடவேணும்!"

இந்த ஜெர்மன் நாட்டில் பிள்ளைகள் அம்மாவை மாமா என்றுதான் கூப்பிடுகின்றன. தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு ஊரில் என் மாமியார், "ஆர் வந்திருக்கிறது, எந்த மாமா?" என்று பதறியது தனிக்கதை. நாங்கள் திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டோம்.

"ஒரு வீட்டில ஒராள் ஓடினது காணும்" என்றாள் சறோ.

என் மைத்துனன் முன்பு ஒருதரம் கடிதத்தில் கேட்டிருந்தான்: "அத்தான், அந்தக் குளிருக்குள்ள ஏன் ஓடினீங்கள்? உங்களை ஆர் துரத்தினது?" அவனுக்கு அப்போது நான் ஒழுங்காகப் பதில் எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து இப்போது எழுதுகிறேன். ஊரில் அவனைப் போலக் கேட்கிற மற்றவர்களும் வாசிக்கட்டும்.

2

அகதி விண்ணப்பம் போட்டவன் தனக்குக் கொடுத்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மாவட்டத்தை இங்கே கிரைஸ் என்பார்கள். போகத்தான் வேண்டுமென்றால் காரணம் எழுதி விண்ணப்பித்து, அனுமதித் துண்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். கலியாணம், பிறந்தநாள், கோயில், மனம் சரியில்லை என்பதெல்லாம் காரணங்கள் அல்ல.

அப்போது நாங்கள் ஒரு பழைய விடுதிக் கட்டடத்தில் இருந்தோம். குடும்பத்துக்கு ஒரு அறை. சமையலறை எல்லோருக்கும் பொது. அடுத்த அறையில் இருந்த மகேசன் அண்ணை அந்தச் சமையலறைச் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டி, எங்கள் கிரைஸின் எல்லையைச் சிவப்பு மையால் தடிப்பாகக் கீறியிருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே அதைத்தான் காட்டுவார்.

ஜெர்மன்காரரிடம் உங்கள் கிரைஸ் எதுவரை என்று கேட்டால், அந்தப் பக்கம் எங்கேயோ என்று கையை வீசுவார்கள். எங்களுக்கு அது உள்ளங்கை ரேகை. எந்தப் பஸ் தரிப்பு கடைசி, எந்தப் பாலத்தின் நடுவோடு முடிகிறது, எந்தப் பண்ணை வீட்டின் முன்வாசல் எங்களுக்குள்ளும் பின்வளவு வெளியிலும் இருக்கிறது, எல்லாம் தெரியும். ஒருநாள் காற்று மகேசன் அண்ணையின் குடையைப் பறித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. மனுசன் இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் எவனும் போய் எடுத்துவரவில்லை.

நான் ஏற்கெனவே ஒருதரம் பிடிபட்டவன். எசன் நகரத்தில் நடந்த என் ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்துக்கு அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை, போய்விட்டேன். திரும்பி வரும்போது ஹம் நகர நிலையத்தில் ரயில் மாற இறங்கிய இடத்தில் பொலிஸ் அனுமதித் துண்டைக் கேட்டது. முதல்தரம் என்பதால் தண்டப்பணத்தோடு முடிந்தது. எங்கள் சட்டத்தரணி கூப்பிட்டு வைத்துச் சொன்னார்:

"இரண்டாவது தடவை என்றால் அது குற்றம். சிறைகூடக் கிடைக்கலாம். உன் அகதி வழக்கை எடுக்கப்போகும் நீதிபதி முதலில் அந்தக் கடதாசியைத்தான் பார்ப்பார். விசாரணை முடியும்வரை அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு காலும் வைக்காதே."

சறோவும் வதனியும் என் கோப்புக்குள்தான் இருந்தார்கள். என்னைத் திருப்பி அனுப்பினால் அவர்களையும் அனுப்புவார்கள். ஊர் அப்போது எப்படி இருந்ததென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

3

வேலை செய்ய அனுமதி இல்லை. படிக்க இடமில்லை. காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்தால் அன்றைய அலுவல் முடிந்தது. அந்த விடுதியில் ஆண்கள் வாங்கில் இருந்து இருந்தே ஒருவரோடொருவர் சண்டை பிடித்தார்கள். நானும் பிடித்தேன். ஒருநாள் உப்புப் போத்தலுக்காக மகேசன் அண்ணையோடு கைகலக்கப் போய், எனக்கே வெட்கமாகி, வெளியே இறங்கி ஓடினேன். அப்படித்தான் தொடங்கியது.

பள்ளிக்கூடத்தில் நான் நல்ல ஓட்டக்காரன். ஆனால் ஊரை விட்டு வெளிக்கிடுவதற்கு முன்பிருந்த காலத்தில் நான் ஓடவேயில்லை. ஆமி ட்ரக் வந்தால் ஓடக் கூடாது, ஓடுகிறவனைத்தான் சுடுவார்கள் என்று எல்லோரும் பழகிவிட்டிருந்தோம். பஸ்ஸைப் பிடிக்கக்கூட நடந்துதான் போவோம். இங்கே வயல் ஓரமாக ஓடும்போது ஒரு கிழவர் உழவு இயந்திரத்தை நிறுத்திக் கைதட்டினார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. மைத்துனா, நீ கேட்டதற்குப் பதிலில் பாதி இதுதான்.

ஹெல்கா எங்கள் கிராமத்துத் தபால் கந்தோரில் வேலை செய்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். வான்கடிதம் வாங்கப் போகும்போது என் பெயரை ஒவ்வொருதரமும் உடைத்து உடைத்து வாசித்து, சரியா என்று கேட்பார். ஒருநாள் கண்ணாடித் தடுப்புக்கு மேலால் எட்டி என் காலைப் பார்த்தார்.

"நீதானே வயல் பக்கம் ஓடுகிறாய்? இந்தச் சப்பாத்தோடு ஓடினால் முழங்கால் போய்விடும்."

அடுத்த நாள் தன் கணவரின் பழைய ஓட்டச் சப்பாத்துகளைக் கொண்டுவந்து தந்தார். கொஞ்சம் பெரிது. இரண்டு காலுறை போட்டால் சரியாகும். பிறகு அவரே கூட்டிப்போக, ஓட்டக் கழகத்தாரோடு ஓடினேன். அவர்கள் என்னை எந்த நாடு, எப்போது திரும்பிப் போவாய் என்றெல்லாம் கேட்கவில்லை. மூச்சு எப்படி, ஏற்றத்தில் கால் எப்படி என்றுதான் கேட்டார்கள். மார்கழியில் ஹெல்கா குளிர்கால ஓட்டத்துக்குக் கூப்பிட்டபோது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பாதை எங்கே போகிறது?"

அவர் தந்த வரைபடத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சிவப்புக் கோட்டோடு ஒப்பிட்டோம். மலையின் உச்சி வழியாகப் போய், சுற்றி, அதே கிராமத்துக்கே திரும்புகிற பாதை. முழுக்க எங்கள் கிரைஸுக்குள்தான். ஒரேயொரு இடத்தில் மட்டும் கோட்டை உரசிக்கொண்டு போனது. மகேசன் அண்ணை அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார்.

"ஓடு தம்பி. ஆனா இந்த இடத்தில மட்டும் இடப்பக்கம் சரியாதை."

சறோ சிரிக்கவில்லை. "மாசியில விசாரணை. அதுக்குள்ள உங்களுக்கு என்ன ஓட்டம்? கால் முறிஞ்சா ஆர் கோர்ட்டுக்குப் போறது?"

"காட்டுக்குள்ளதானே ஓடப்போறன். நீர் ஏன் பயப்பிடுறீர்?"

"நீங்கள் பயப்பிடாததுக்கும் சேர்த்துத்தான் நான் பயப்பிடுறன்."

ஆனால் போகும் காலையில் இஞ்சி தட்டிப்போட்ட மல்லித்தண்ணியைப் போத்தலில் ஊற்றி, துணியால் சுற்றி என் முதுகுப்பையில் வைத்தவளும் அவள்தான்.

4

அந்தக் காலையில் மூச்சு விட்டால் மீசையில் உறைந்தது. முந்தின இரண்டு நாளும் மழை பெய்து, விழுந்த இடத்திலேயே பளிங்காகப் பிடித்திருந்தது. ஒவ்வொரு மரமும் கண்ணாடி உறை போட்டுக்கொண்டு நின்றது. சட்டைக்குள் பத்திரிகைத் தாள் மடித்து வைத்துக்கொள்ளும்படி ஹெல்கா சொன்னார். நான் சட்டைக்குள் வைத்தது அவர்களுடைய தேர்தல் செய்தி. நல்ல சூடு தந்தது.

அந்த ஓட்டத்துக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. பனிக்காலத்தில் பாதித் தூரத்துக்குப் பிறகு எவரும் தனியே ஓடக் கூடாது. இரண்டு இரண்டு பேராகத்தான். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும். ஹெல்காவும் நானும் சோடி.

முதல் பாதி நன்றாகவே போனது. தரிப்பிடங்களில் உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி தந்தார்கள். நான் மல்லித்தண்ணியை ஹெல்காவுக்குக் கொடுத்தேன். அவர் இருமி, கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். எங்கள் வேகம் குறைவு. ஏற்றத்தில் அவர் நடந்தார், நானும் நடந்தேன்.

பாதித் தூரம் தாண்டியதும் ஒரு கொப்பு பனிச்சுமை தாங்காமல் படீரென்று முறிந்தது. நான் அடுத்த கணம் குப்புறக் கிடந்தேன். தலைக்கு மேல் கையைக் கோத்திருந்தேன். எப்படி விழுந்தேன் என்றே தெரியாது. ஹெல்கா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வழுக்கிவிட்டதா?"

"ஓம்" என்றேன், தமிழில். பிறகு ஜெர்மனில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஆனால் அதன்பிறகு காடு முழுக்கக் கொப்புகள் முறிந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கை தானாகத் தலைக்குப் போனது.

ஒரு சிற்றோடையைத் தாண்டும்போது என் இடக்காலுக்குக் கீழே பனிப்பாளம் உடைந்து, கணுக்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டது. குளிர் எலும்பில் ஏறியது. "நிற்காதே, ஓடிக்கொண்டேயிரு, கால் தன் சூட்டைத் தானே தேடிக்கொள்ளும்" என்றார் ஹெல்கா. அது உண்மை. சிறிது தூரத்தில் ஈரச் சப்பாத்துக்குள் கால் மறுபடி சூடேறியது. நான் ஓடிக்கொண்டேயிருந்தேன்.

5

உச்சிப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வனக்காவலர் ஒருவர் நின்றார். நேரே போகும் பாதைக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. மரங்கள் சரிகின்றன, அதனால் பாதையை மாற்றியிருக்கிறோம், இடப்பக்கம் இறங்குங்கள், கீழே தீயணைப்பு நிலையத்தில் எல்லோரையும் நிறுத்தி வாகனத்தில் ஏற்றுகிறோம் என்றார். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஒரு சோடிதான் இருக்கிறதென்று கேட்டுக்கொண்டு, தன் ஜீப்பில் ஏறி வேறு பக்கம் போய்விட்டார்.

இடப்பக்கம். மகேசன் அண்ணையின் விரல் அழுத்திய இடம் நினைவுக்கு வந்தது.

கொஞ்சம் இறங்கியதும் காட்டுத் தெருவோரத்தில் பலகை தெரிந்தது. பக்கத்துக் கிரைஸின் சின்னமும் பெயரும். பாதிப் பலகையைப் பனி மூடியிருந்தது. ஹெல்கா அதைத் தாண்டிப் போனார். நான் நின்றேன்.

பின்னால் என் காலடி கேட்காமல் அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன, காலா?"

"கால் இல்லை. கிரைஸ்."

"என்ன கிரைஸ்?"

அங்கே வேறு கிரைஸ், எனக்கு அனுமதி இல்லை, ஒருதரம் பிடிபட்டுவிட்டேன், இரண்டாம்தரம் சிறை, மனைவி, பிள்ளை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்.

"இது ஒரே காடு! உன்னை இங்கே யார் பார்ப்பது? மான்களா?"

"கீழே ஆட்கள். பொலிஸ் இருக்கலாம்."

கடைசிச் சோடி எங்களைத் தாண்டியது. "வாருங்கள், கீழே சூப் இருக்கிறது!" என்று கத்திக்கொண்டே பலகையைக் கடந்து போனார்கள். ஒருவர் பலகையில் கையை ஊன்றி, சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுப் போனார்.

கீழே தீயணைப்பு நிலையம் மூன்று கிலோமீற்றருக்குள்தான். வந்த வழியே திரும்பினால் அதைப் போலப் பல மடங்கு தூரம். காற்று எதிரே. தரிப்பிடங்களை மூடிவிட்டிருப்பார்கள். கொப்புகள் முறிந்து விழுந்துகொண்டிருந்தன. வெளிச்சம் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. இவ்வளவும் எனக்கு விளங்கியது. ஆனாலும் கால் நகரவில்லை. கண்ணுக்கு முன்னால் பனியும் மரமும் இருந்தன. எனக்குத் தெரிந்ததோ நீதிமன்ற மண்டபமும், சறோவின் கையைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கும் வதனியும்தான்.

"நீங்கள் போங்கள். நான் திரும்பிப் போகிறேன்" என்றேன்.

"தனியே போக முடியாது. அது ஒழுங்கு."

"எனக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது."

அவருக்குக் கோபம் வந்தது. "மடையா! திரும்பிப் போனால் சாவாய்!" என்று கத்தினார். நானும் கத்தினேன், தமிழில். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். பிறகு இருவரும் நின்றோம், அவர் பலகைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. என் வியர்வை முதுகில் உறைந்து சட்டை மட்டையாகியது. இடக்கால் முதலில் நொந்தது. பிறகு நோவு நின்றுவிட்டது. நோவு நின்றது நல்லதென்று நினைத்தேன்.

கடைசியில் ஹெல்கா பெருமூச்சு விட்டு, பலகையைக் கடந்து என் பக்கம் வந்தார்.

"சரி. திரும்புவோம்."

அவர் சொன்னது குழறியது. அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். உதடு நீலம். ஒரு கையுறையைக் காணவில்லை. எங்கே விழுந்ததென்று கேட்டேன். எந்தக் கையுறை என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் சொன்னபடி என்னோடு பின்னுக்கு நடக்கத் தொடங்கினார், இரண்டு எட்டு வைத்துவிட்டு ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினார்.

எனக்குப் பயம் பிடித்தது. இவ்வளவு நேரமும் இருந்த பயம் வேறு, இது வேறு. இந்த மனுசி என்னுடைய கடதாசிக்காகச் சாகப்போகிறது. என்னுடைய கையுறைகளை அவருக்கு மாட்டி, மிச்சமிருந்த மல்லித்தண்ணியை வாயில் ஊற்றி, கையை என் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பலகையைத் தாண்டும்போது அதைப் பார்க்கவில்லை. சறோ, என்னை மன்னித்துக்கொள்ளும் என்று மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

6

தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் பொலிஸ் வாகனம் நின்றது. மேலே நீல வெளிச்சம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூரத்தில் கண்டபோது சிரிப்புத்தான் வந்தது. வேறென்ன வரும்?

உள்ளே ஹெல்காவைப் போர்வையில் சுற்றி அடுப்படியில் இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பேச்சு வந்தது, முதலில் சூப்பில் உப்பில்லை என்று குறை சொன்னார். அவர் பிழைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பொலிஸ்காரர் மேசையில் இருந்து, வருகிறவர்களின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு ஓட்டக்காரரை எண்ணிக்கையில் காணவில்லையாம். இளம் தீயணைப்புப் பெடியங்கள் நாலைந்து பேர் விளக்குகளைப் பரீட்சித்து, சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார்கள், காட்டுக்குள் போய்த் தேட.

பக்கத்துக் கதவு திறந்திருந்தது. வெளியே எங்கள் கிராமத்துக்குப் போகும் வாகனம் இயந்திரம் இரைய நின்றது. பெயர் சொல்லாமல் ஏறிவிடலாம். ஒருவரும் கவனிக்கவில்லை. மகேசன் அண்ணை அந்த இடத்தில் இருந்தால் என் முதுகில் கையை வைத்துத் தள்ளியிருப்பார். நான் கதவு வரைக்கும் போனேன். பிறகு அந்தப் பெடியங்களில் ஒருவன் தன் தாயிடம், நான் வரப் பிந்தும் என்று தொலைபேசியில் சொல்வது கேட்டது. நான் பெயர் கொடுக்காமல் போனால் அவன் இரண்டு பேரைத் தேடுவான். ஒருவன் காணாமல் போனவன். மற்றவன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பவன்.

திரும்பி மேசைக்குப் போய் என் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். விலாசம் சொன்னபோது பொலிஸ்காரர் தலையை நிமிர்த்தினார்.

"அகதி விடுதியா? மலைக்கு அந்தப் பக்கமா?"

"ஆம்."

"அனுமதி?"

"இல்லை."

அவர் குனிந்து தாளைத் திருப்பினார். பிறகு எழுதினார். எழுதி முடித்து, "அங்கே இருந்து சூடாக ஏதாவது குடி" என்றார். அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

காணாமல் போனவர் அகப்பட்டார். நண்பரின் காரில் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் படுத்திருந்தாராம். அந்த மனுசனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

7

சறோ கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கதிரையில் மெதுவாக இருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த மனுசி இருக்கிறாவோ?"

"ஓம், இருக்கிறா."

"அப்ப சரி." பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வதனி என் நெஞ்சில் குத்தியிருந்த ஓட்ட இலக்கத் துண்டைப் பிய்த்து எடுத்து, பப்பா, நீ வென்றாயா என்று ஜெர்மனில் கேட்டாள். 

இரவு சப்பாத்தைக் கழற்றியபோது இடக்காலின் இரண்டு விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. குத்தினாலும் தெரியவில்லை. வைத்தியரிடம் போவதற்கும் முதலில் அலுவலகத்தில் ஒரு துண்டு வாங்க வேண்டும். திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு போனேன். துண்டு தரும் அறைக்குப் பக்கத்து அறைதான் எங்கள் வெளிநாட்டவர் அதிகாரியின் அறை. அவர் என்னைக் கண்டு உள்ளே கூப்பிட்டார். பொலிஸின் தகவல் அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"சனிக்கிழமை பக்கத்துக் கிரைஸில் இருந்திருக்கிறாய். ஏன் விண்ணப்பம் போடவில்லை?"

"பாதை மாறும் என்று எனக்குத் தெரியாது."

"முன்னெச்சரிக்கையாக ஒரு விண்ணப்பம் போட்டிருக்கலாமே."

அவர் கெட்ட மனுசன் இல்லை. உண்மையிலேயே எனக்கு வழி சொல்லித் தருவதாக நினைத்துத்தான் சொன்னார். இதை அரச வழக்கறிஞருக்கு அனுப்பாமல் தன்னால் இருக்க முடியாது என்றார். அனுப்பினார். அந்த வழக்கு முடியும்வரை மாசி மாத விசாரணை தள்ளிப் போனது.

அந்த வாரங்களைப் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு நானும் சறோவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஜன்னலடியில் நிற்போம். சறோ பயணப் பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே இருந்து எடுத்துத் தூசி தட்டி மறுபடி வைத்தாள். மகேசன் அண்ணை தானாகவே உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார். அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

ஹெல்கா மூன்று பக்கத்தில் சாட்சியம் எழுதிக் கொடுத்தார். பொலிஸ்காரரும் இந்த ஆள் தானாக வந்து பெயர் கொடுத்தவர் என்று எழுதியிருந்தாராம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். சித்திரை மாதம் கடிதம் வந்தது. வழக்கைக் கைவிடுகிறோம், இது மறுபடி நடக்கக் கூடாது. சறோ அதை எனக்கு இரண்டுதரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "இனி ஓடுவியளோ?" என்றாள். "இல்லை" என்றேன். எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. தற்காலிக அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருக்கிறோம். ஆனால் இருக்கிறோம்.

8

விரல்கள் அதற்குள் கறுத்துக் காய்ந்துவிட்டிருந்தன. உயிருள்ள பகுதி எதுவென்று தெளிவாகும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று கிராமத்து வைத்தியர் காத்திருந்து, பிறகு பீலெஃபெல்ட் நகரத்து மருத்துவமனைக்கு எழுதினார். பீலெஃபெல்ட் எங்கள் கிரைஸுக்கு வெளியே. ஆகவே விண்ணப்பம் போட்டேன். காரணம் என்ற இடத்தில், இரண்டு கால்விரல்களை அகற்றுவதற்கு என்று எழுதினேன். அதிகாரி ஒருதரம் வாசித்தார். உடனேயே முத்திரை குத்தித் தந்தார். கலியாணத்துக்குத் தராத துண்டு, விரல் வெட்டுவதற்கு நின்ற நிலையில் கிடைத்தது. அந்தக் கடதாசியைக் கிழித்து அவர் மேசையில் போட வேண்டும் போலிருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஹெல்கா தன் காரில் கூட்டிப்போனார். சத்திரசிகிச்சை செய்யப்போகிற வைத்தியருக்கு என் வயதுதான் இருக்கும். மெலிந்த, நீண்ட கால்கள். தானும் ஓடுகிறவன் என்றும், இந்த ஊரிலேயே பிறந்தவன், அந்த மலைக்காட்டில் சிறுவயதிலிருந்து ஓடாத பாதை இல்லை என்றும் சந்தோசமாகச் சொன்னார். பிறகு என் காலைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது ஓடியதால் வந்ததில்லை" என்றார். "ஈரக் கால் என்றாலும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த அளவுக்குப் போகாது. நீ எங்கேயோ நீண்ட நேரம் அசையாமல் நின்றிருக்கிறாய். அந்தக் குளிரில் எங்கே போய் நின்றாய்?"

"எல்லையில்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் ஜெர்மனைப் பிழையாகப் பேசிவிட்டேன் என்று நினைத்து ஹெல்காவைப் பார்த்தார்.

"அந்தக் காட்டில் எல்லை இருக்கிறதா?"

ஹெல்கா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிறது" என்றார். "நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்."